போன்ல எடுத்தா போன் சத்தம்தான் வருமா? (பட்டுப்புழு, புளி, ஒரு பல்லி)

கேள்வி, பிப்ரவரி 2

நல்ல மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி), மானிட்டர் ஸ்பீக்கர் மூணும் இல்லாம சவுண்ட் டிசைன் கத்துக்கலாம்னு சொல்றதெல்லாம் சும்மா. போன்ல எடுத்தா போன் சத்தம்தான் வரும். சொந்த ஊர் ஒலிய போன்லயே எடுத்து, ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து கேக்குற மாதிரி யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

பிப்ரவரி 3, இரவு 11:20

நான் இன்னும் செய்யல, செய்யலாம்னு இருக்கேன், அதனால நீங்க இப்போதைக்கு ஒத்துக்க வேணாம்.

ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. வீடு தர்மபுரி மாவட்டம், மாரண்டஹள்ளி தாண்டி உள்ள போகணும். அம்மா பட்டுப்புழு வளர்க்கறாங்க. எங்க வீட்டுக்கும் புழு மனைக்கும் நடுவுல ஒரே ஒரு சுவருதான், சின்ன வயசுல அந்தப் பக்கம் புழு இலை திங்கற சத்தத்துலதான் தூங்குவேன். இங்க ரூம்ல ஃபேன் சத்தத்துல தூக்கம் வரல, யூட்யூப்ல மழை சத்தம் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரியா வரல. அப்போதான் தோணுச்சு, நம்ம சத்தத்த நாமளே எடுத்தா என்னன்னு. கைல இருக்கிறது ஒரு பழைய போன், ஒயர் இயர்போன், தம்பி காலேஜ் முடிச்சதும் எனக்குத் தள்ளிவிட்ட லேப்டாப், அதுல ஆடாசிட்டி, சத்தத்த வெட்டி ஒட்டற இலவச சாஃப்ட்வேர். காசு செலவு இதுவரைக்கும் பூஜ்யம்.

பிப்ரவரி 11, மதியம்

ஊருக்கு வந்தேன். புழு தூங்குது.

தெரியாதவங்களுக்கு: பட்டுப்புழு கூடு கட்டறதுக்கு முன்னாடி நாலு தடவை தோல் உரிக்கும். உரிக்கிறப்ப ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க திங்காது, தலையத் தூக்கிட்டு அப்படியே இருக்கும். எங்க அம்மா போன்லயே சொல்லியிருக்கணும், கேட்டா "நீ புழுவப் பாக்கவா வர்றேன்னு சொன்ன, என்னப் பாக்க வர்றேன்னுதானே சொன்ன"ங்கறாங்க. 200 முட்டைத் தொகுதி எடுத்திருக்காங்க, ஒரு தொகுதில 400, 500 புழு வரும்னா கிட்டத்தட்ட ஒரு லட்சம் உயிர் ஒரே ரூம்ல சத்தமே இல்லாம இருக்கு. சும்மா வந்ததுக்கு அந்த அமைதியவே பத்து நிமிஷம் எடுத்துட்டு வந்தேன்.

பிப்ரவரி 12, பஸ்ல இருந்து

அமைதின்னு எழுதினேன்ல, அது பொய். இயர்போன் போட்டுக் கேட்டா "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம் விடாம ஓடுது. ட்யூப்லைட் சோக்கு. ரூம்ல நிக்கிறப்ப சத்தியமா எனக்குக் கேக்கவே இல்ல. நம்ம கரெண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக்கு அதிர்றது அதுக்கு ரெண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ், அப்புறம் 200, 300னு அதோட குட்டிங்க. ஆடாசிட்டில ஸ்பெக்ட்ரோகிராம் வியூ (எந்த அலைவரிசை எவ்வளவு இருக்குன்னு படமா காட்டறது) போட்டா கோடு கிழிச்ச மாதிரி கீழ வரிசையா நிக்குது. காதுக்கு வேணாங்கறத அதுவே தள்ளிவிட்டுடுது போல, போனுக்கு அந்த வேலை தெரியல.

ஆனா ஒண்ணு, இந்தப் பத்து நிமிஷம் வீண் இல்லையாம். சினிமாக்காரங்க இதுக்குன்னே எடுப்பாங்களாம், ரூம் டோன்னு பேரு. யாரும் பேசாம அந்த இடத்த சும்மா ஒரு நிமிஷம் எடுத்து வெச்சுக்கிட்டா, பின்னாடி ஒரு சத்தத்த வெட்டி எடுத்த ஓட்டைய இத வெச்சு அடைக்கலாம். ஓட்டைல ஒண்ணுமே இல்லன்னா காதுக்கு பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கும். நான் தெரியாமலே எடுத்து வெச்சுட்டேன்.

பிப்ரவரி 18, இரவு 10:50, வீட்டுல

இன்னைக்கு புழு அசுரத் தீனி. நாலாவது தடவை தோல் உரிச்சு எழுந்த பிறகு ஒரு வாரம் திங்கும் பாருங்க, மொத்த வாழ்க்கைல திங்கற இலைல பெரும்பங்கு இந்த ஒரு வாரத்துலதான். கதவத் திறந்ததும் சடசடன்னு தகரக் கூரைல தூறல் விழுற மாதிரி.

எடுத்தேன். கேட்டேன். ஒண்ணுமே இல்ல! அம்மா "செருப்ப வெளிய விடு"ன்னு சொல்றது கண்ணாடி மாதிரி தெளிவா விழுந்திருக்கு, ஒரு லட்சம் புழு காணோம். அரை மணி நேரம் தலைய பிச்சுக்கிட்டேன். விஷயம் என்னன்னா போன்ல கூட வர்ற ரெகார்டர் மனுஷக் குரலுக்குன்னு செஞ்சது, சீரா விடாம வர்ற சத்தத்த பெரும்பாலும் இரைச்சல்னு நெனச்சு அதுவே அழிச்சுடும். புழு திங்கறது அதுக்கு ஃபேன் சத்தம் மாதிரிதான். வேற ரெகார்டர் ஆப் இறக்கி, செட்டிங்ஸ்ல "அன்ப்ராசஸ்ட்"னு (எதையும் திருத்தாம அப்படியே எடுக்கறது) ஒரு தேர்வு இருந்தது, அதப் போட்டு, சுருக்கி வெக்கிற எம்4ஏ விட்டுட்டு சுருக்காத வேவ் ஃபைலா, 48 கிலோஹெர்ட்ஸ். புழு வந்துடுச்சு. ஆனா ரொம்ப மெல்லிசா, கூடவே மைக்கோட சொந்த "ஸ்ஸ்ஸ்".

அதுக்கு வழி கிட்டப் போறதுதான். தூரத்த பாதியாக்கினா 6 டெசிபல் கூடும், அதனால ரெண்டு அடில இருந்து ஒரு அடி, அரை அடின்னு போனைப் புழு இருக்கிற அடுக்கு ஸ்டாண்டுக்குள்ள நீட்டினேன். ட்யூப்லைட்ட அணைக்கச் சொன்னேன். "இருட்டுல நான் எங்கன்னு இலை போடுவேன், புழு மேல கால வைக்கவா"ன்னு ஒரு சண்டை. கடைசில அம்மா நெத்தில டார்ச் கட்டிக்கிட்டு இலை போட்டாங்க, மல்பெரி இலை தண்டோட விழுற சத்தம், சருக்குனு, அது ரொம்ப நல்லா வந்திருக்கு.

புழு மனைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி பூஜை வேற. ப்ளீச்சிங் பவுடர் தண்ணில கால் நனைக்கணும், சென்ட் போட்டிருந்தா உள்ள விட மாட்டாங்க, கொசுவத்தி பக்கத்துல வரக்கூடாது. போனையும் துடைச்சுட்டுதான் விட்டாங்க.

பிப்ரவரி 19, இரவு

ரூம்ல இருக்கிற அக்காகிட்ட கண்ண மூடிக் கேக்கச் சொன்னேன். தேன்கனிக்கோட்டைக்காரங்க. ஒரு நிமிஷம் கேட்டுட்டு "மழை நல்லா எடுத்திருக்கடி"ன்னாங்க.

போச்சு.

அக்காவுக்கு சத்தம்னா வேற கணக்கு. அவங்க ஊர்ப்பக்கம் குளிர்காலத்துல யானைக்கூட்டம் கர்நாடகா காட்டுல இருந்து இறங்கி ராகி வயலுக்கு வரும், ராத்திரி பட்டாசு போட்டு விரட்டுவாங்க. ஓசூர் வந்த முதல் தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டு எழுந்து உக்காந்து "எந்தப் பக்கம், எந்தப் பக்கம்"னு கேட்டாங்களாம்.

நாய்ஸ் ரிடக்ஷன்னு ஒரு எஃபெக்ட் இருக்குன்னு கண்டுபிடிச்சேன். வெறும் "ஸ்ஸ்" இருக்கிற ஒரு துண்ட செலக்ட் பண்ணி ப்ரொஃபைல் (அழிக்க வேண்டிய சத்தத்தோட மாதிரி) எடுத்துக்கிட்டு, அப்புறம் மொத்தத்தையும் செலக்ட் பண்ணிப் போட்டா அந்த "ஸ்ஸ்" மட்டும் போயிடுது. தூங்குற புழு ரெகார்டிங்ல இருந்து ப்ரொஃபைல் எடுத்துப் போட்டேன், மந்திரம் மாதிரி இருக்கு. எல்லாரும் பண்ணுங்க.

பிப்ரவரி 20, காலை

எல்லாரும் பண்ணாதீங்க. தூங்கி எழுந்து கேட்டா புழு தண்ணிக்குள்ள உக்காந்து இலை திங்குது. க்ளுக் க்ளுக்குனு, அக்வேரியம் மாதிரி. காரணம் யோசிச்சா சிரிப்பு வருது, புழு சத்தமே ஒரு வகை "ஸ்ஸ்"தான். இரைச்சல அழின்னு சொன்னா அது எத விடும், எத எடுக்கும். போன்ல ரெகார்டர் பண்ண அதே தப்ப நான் கஷ்டப்பட்டு கையால பண்ணியிருக்கேன். இப்போ அந்த எஃபெக்ட் குறைக்கற அளவ 12ல இருந்து 4 டெசிபலுக்கு இறக்கிட்டேன், கொஞ்சம் "ஸ்ஸ்" இருந்துட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 25

புளி சீசன். பெரியம்மா வீட்டுத் திண்ணைல ஆறேழு பேர் உக்காந்து புளி தட்டறாங்க, ஓடு உடைச்சு, நார் எடுத்து, கொட்டை எடுத்து. இந்தச் சத்தம் இல்லாம மாசி மாசமே இல்ல எங்களுக்கு. போன நீட்டினதும் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு ரொம்ப அடக்கமா தட்ட ஆரம்பிச்சுட்டாங்க, பரீட்சை எழுதற மாதிரி. அரை மணி நேரம் போன மூங்கில் கூடை பக்கத்துல வெச்சுட்டு நானும் உக்காந்து தட்டினேன், அப்புறம்தான் இயல்பா வந்தது.

ரெண்டு பாடம். ஒண்ணு, புளி தட்டறது சராசரியாப் பாத்தா சின்னச் சத்தம், ஆனா ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி மேல போய் நிக்குது. லெவல் மீட்டர் நடுவுல இருக்கேன்னு நம்பினேன், வேவ்ஃபார்ம்ல பாத்தா பாதி அடி மேல முட்டி தலை சீவினாப்ல தட்டையா இருக்கு. பூஜ்யம் டெசிபல்தான் டிஜிட்டல்ல கூரை, அதத் தாண்டினது திரும்ப வராது. இனிமே பெரிய அடி மைனஸ் 12 பக்கம் நிக்கிற மாதிரி வெச்சுதான் எடுக்கணும். 24 பிட்ல எடுத்தா அப்புறம் தூக்கிக்கலாம், 16 பிட்ல 96 டெசிபல் இடம்னா 24ல 144, கீழ நிறைய இடம் இருக்கு.

இன்னொண்ணு, அந்த அரை மணி நேரத்துல ஒருத்தங்க அவங்க மருமகளப் பத்தி முழுக் கதையும் சொல்லி முடிச்சுட்டாங்க. போன் ஓடுதுன்னு முதல்லயே சொல்லித்தான் வெச்சேன், மறந்துட்டாங்க. அந்த இருபது நிமிஷத்த அங்கயே அவங்க முன்னாடியே அழிச்சேன். நல்ல தட்டல் எல்லாம் அந்த இருபது நிமிஷத்துலதான் இருந்தது, கதை சூடு பிடிக்கிறப்பதான் கையும் வேகமாகுது. என்ன பண்றது.

பிப்ரவரி 26

18ஆம் தேதி 6 டெசிபல்னு அடிச்சு விட்டேன்ல, அதத் திருத்தணும். ஒரே புள்ளில இருந்து வர்ற சத்தத்துக்குதான் அந்தக் கணக்கு, ஒரு ஆள் பேசறான், ஒரு தவளை கத்துதுன்னா சரி. எங்க ஸ்டாண்டு சுவர் நீளத்துக்கு அஞ்சு அடுக்கு, எல்லாப் பக்கமும் புழு. கிட்டப் போனாலும் மொத்தச் சத்தம் அவ்வளவு ஏறல, அளந்து பாத்துட்டேன். ஏறினது வேற, பக்கத்துல இருக்கிற பத்துப் பன்னெண்டு புழுவோட கடி தனித்தனியா "டிக், டிக், டிக்"னு கேக்குது. தூரத்துல எடுத்தா மழை, கிட்ட எடுத்தா வாய். அக்காவுக்கு அந்தக் கிட்டத் துண்டப் போட்டுக் காட்டினேன், "ஏதோ திங்குது, எலியா?"ன்னாங்க. மழைல இருந்து எலி வரைக்கும் வந்துட்டோம்.

மார்ச் 3

கொஞ்சம் படிச்சேன். இடத்தோட ஒலிய ஒரு நிலக்காட்சி மாதிரி பாக்கணும்னு 70கள்ல சொன்னவர் ஷேஃபர். ரயில் சத்தத்த எடுத்து வெட்டி ஒட்டி இசையாக்கினவர் அவரு. அவர் மூணாப் பிரிக்கறார். எப்பவும் பின்னாடி ஓடிட்டே இருக்கிற, நாம கவனிக்காத சத்தம் ஒண்ணு, கவனின்னு கூப்பிடற சத்தம் ஒண்ணு, மணி, சைரன் மாதிரி. அந்த ஊருக்குன்னே இருக்கிற அடையாளச் சத்தம் ஒண்ணு.

படிச்சதும் எனக்கு பன்னெண்டாம் வகுப்பு தமிழ் மிஸ்தான் ஞாபகம் வந்தாங்க. கருப்பொருள்னு மனப்பாடம் பண்ண வெச்சாங்களே, தெய்வம் உணவு மரம் பறவைன்னு, அதுல பறையும் யாழும் சேர்த்திதான. குறிஞ்சின்னா தொண்டகப்பறை, பாலைன்னா துடி. ஒரு நிலம்னா அதுக்கு ஒரு சத்தம் உண்டுன்னு நம்ம ஆளுங்க பட்டியல்லயே வெச்சிருந்திருக்காங்க, நான் அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துட்டேன். தர்மபுரிக்கு எந்தத் திணை, எந்தப் பறைன்னு யோசிச்சா பாலைக்குத்தான் கிட்ட வருது, மே மாசம் பென்னாகரம் ரோட்டுல நின்னவங்களுக்குத் தெரியும்.

மார்ச் 4

ரெண்டு ஷேஃபர குழப்பிட்டேன். ரயில் சத்தத்த வெச்சு 1948ல செஞ்சவர் பிரான்ஸ் ரேடியோக்காரர், பியர் ஷெஃபர். ஊர் ஒலிய மூணாப் பிரிச்சவர் கனடாக்காரர், மர்ரே ஷேஃபர், 2021ல தவறினார். ஒருத்தர் சத்தத்த அதோட இடத்துல இருந்து பிரிச்சு எடுக்கச் சொன்னவர், இன்னொருத்தர் இடத்தோடவே கேக்கச் சொன்னவர், நேர் எதிர். நான் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி ரயில்ல ஏத்திட்டேன்.

நம்ம ஓசூர் தர்மபுரி ரயில் ராத்திரி ராயக்கோட்டை தாண்டி வர்றப்ப ஹாரன் எங்க வீடு வரைக்கும் வரும். அதையும் எடுக்கணும்.

மார்ச் 10

ஒகேனக்கல் போனோம், ரூம்ல நாலு பேர். அருவிய இருபது நிமிஷம் எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட தேறல.

அவ்வளவு பெரிய அருவி, நேர்ல நெஞ்சு அதிருது, இயர்போன்ல கேட்டா அந்தக் காலத்து டிவில சேனல் போனா வருமே, அது. அருவின்னா எல்லா அலைவரிசையும் ஒண்ணா கொட்டற இரைச்சல், அதோட பெருசு கண்ணுலயும் முகத்துல அடிக்கிற சாரல்லயும்தான் இருக்கு. ஊர் பேருக்கே புகைக் கல்லுன்னுதான் கன்னடத்துல அர்த்தம், பேரு வெச்சவங்களும் காதால வெக்கல, கண்ணாலதான் வெச்சிருக்காங்க. பரிசல்ல போறப்ப எடுத்த ரெண்டு நிமிஷம் பரவால்ல, துடுப்பு தண்ணில இறங்கற "ளொப்", அடில அலை தட்டறது மேளம் மாதிரி. மீன் பொரிக்கிற எண்ணெய் சத்தம் எடுத்தேன், அது அச்சு அசல் புழு திங்கற சத்தம். சிரிக்காதீங்க, பக்கத்துல பக்கத்துல வெச்சா என்னாலயே பிரிக்க முடியல.

காத்து இன்னொரு தொல்லை. மைக்குல காத்து பட்டா வர்ற "புர்ர்" எல்லாம் கீழ் அலைவரிசை, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டினா பாதி குறையும், ஆனா பலமா அடிச்சதுக்கு மருந்து இல்ல. வாசல்ல கால் துடைக்கிற முடி முடியா இருக்கிற மிதியடில ஒரு துண்டு வெட்டி போன் வாய்ல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். வேலை செய்யுது. ஒரு போலீஸ்காரர் "அது என்னம்மா, எலியா"ன்னு கேட்டார். எல்லாருக்கும் எலிதான்.

மார்ச் 17, நைட் ஷிப்ட் முடிஞ்சு

23 ட்ராக். புழு தூரத்துல, புழு கிட்ட, இலை விழுறது, அம்மா செருமல், புளி, களி கிண்டறது, மாவு மில், ரயில் ஹாரன், பரிசல், மயில், டவுன் பஸ், இன்னும் என்னென்னவோ. எல்லாம் சேர்த்துக் கேட்டா தர்மபுரி பஸ் ஸ்டாண்டு.

கத்துக்கிட்டது கொஞ்சம் சொல்றேன். புழு ட்ராக்குல சுத்தமா கிடைச்சது 22 செகண்டுதான், மீதில அம்மாவோட டார்ச் விழுந்தது, நான் தும்மினது. அத லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓட விட்டு, அஞ்சு நிமிஷமாக்கணும். முனைக்கு முனை ஒட்டினா "டப்"புனு ஒரு சத்தம், அலை நடுக்கோட்ட தொடற இடத்துல வெட்டினா டப் போகும், ஆனா ஒட்டு தெரியும். அதனால ரெண்டு முனையையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி கிராஸ்ஃபேட், ஒண்ணு இறங்க இறங்க இன்னொண்ணு ஏறற மாதிரி. நேர்க்கோட்டு கிராஸ்ஃபேட் போட்டப்ப ஒவ்வொரு ஒட்டுலயும் சத்தம் லேசா அமுங்கி எழுந்தது, மூச்சு விடற மாதிரி. இந்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு இரைச்சல் சேர்றப்ப நேர்க்கோட்டுல நடுவுல 3 டெசிபல் குறையுமாம், ஈக்வல் பவர்னு இருக்கிற வளைவப் போட்டா சமமா நிக்குது. போட்டேன், ஒட்டு எங்கன்னு எனக்கே தெரியல.

தூரத்துல இருக்கிற மாதிரி காட்ட சத்தத்த மட்டும் குறைச்சா போதாது. குறைச்ச மயில் குட்டி மயில் ஆயிடுச்சு, தூர மயில் ஆகல. மேல் அலைவரிசைய கொஞ்சம் சீவி, லேசா ரிவெர்ப் (எதிரொலி மாதிரி) போட்டப்பதான் பாறைக்கு அந்தப்பக்கம் போச்சு.

அப்புறம் ஒரு பல்லி சேர்த்தேன். ஓசூர் ரூம்ல எடுத்தது, "த்ச் த்ச் த்ச்". ராத்திரி, பழைய ஓட்டு வீடு, அந்த உணர்வு வரணும்னு. புழு லூப்போடவே சேர்த்து வெச்சுட்டேன். முடிவுல எல்லாம் மெல்ல மெல்ல அடங்கற மாதிரி இருபது செகண்ட் ஃபேட் அவுட். கேட்டுட்டு எனக்கே தொண்டை அடைச்சுது, சொல்றதுக்கு என்ன.

மார்ச் 18

பஸ்ல கேட்டா புழுவே காணோம், படுக்கைல கேட்டா அதே ஃபைல் காது கிழியுது. சின்னச் சத்தமா வெச்சா காதுக்கு கீழ் அலைவரிசை முதல்ல மறையும், அதனால ஒரே ஒலி அளவுல வெச்சு மிக்ஸ் பண்ணணும்னு சொல்றாங்க. இனி ஒரு நோட்டுல குறிச்சு வெச்சு அதே அளவுலதான் கேக்கணும். இன்னைக்கு இவ்வளவுதான், கண்ணு சொருகுது.

மார்ச் 24, இரவு

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த பட்டம் (அடுத்த சுற்று வளர்ப்பு) புழு வந்து நாலு நாள்தான் ஆகுது, இன்னும் சின்னது, சத்தம் வராது. இயர்போன் மாட்டிவிட்டேன், ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டியிருந்தேன், அதுவும் அவங்கதான் கண்டுபிடிச்சாங்க, "கதவு இந்தப் பக்கம்ல இருக்கு"ன்னு. ஸ்டீரியோவே இல்லம்மா அதுன்னு சொல்ல வந்தேன், இலை விழுற ட்ராக்க மட்டும் நான்தான் வலதுக்குத் தள்ளி வெச்சிருந்தேன். அவங்க சொன்னதுதான் சரி.

ஒரு நிமிஷம் அமைதியா கேட்டாங்க. அப்புறம் முகம் மாறுது.

"மனைக்குள்ள பல்லி எப்ப வந்துச்சு?"

நான் முழிக்கறேன். "பல்லி புழுவத் தின்னுடும்னு தெரியாதா உனக்கு? அன்னைக்கே ஏன் சொல்லல? வலை எங்கயோ கிழிஞ்சிருக்கு." அதோட விட்டாங்களா, "அதுவும் இதென்ன கணக்கா சொல்லிட்டே இருக்கு, மூணு மூணா, ஒரே பக்கத்துல இருந்து, நல்லதுக்கா சொல்லுது?" 22 செகண்டுக்கு ஒரு தடவை. நான் மறைச்ச லூப்ப என்னால கண்டுபிடிக்க முடியல, பல்லி சொன்ன சகுனத்த எண்ணி அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க.

அது ஓசூர் பல்லி, அழகுக்குச் சேர்த்தேன்னு சொன்னேன். நம்பல. டார்ச் எடுத்துட்டுப் போய் நாலு மூலையும் வலையும் பாத்துட்டு வந்துதான் மீதியக் கேட்டாங்க.

கடைசில ஃபேட் அவுட் வந்தது. எனக்குத் தொண்டை அடைச்ச இடம். அம்மா இயர்போன கழட்டிட்டாங்க. "ஏன் திங்கறத நிறுத்துது? அஞ்சாம் நாள் இப்படி ஒண்ணா அடங்காது. நோய் விழுந்த மனை இப்படித்தான் அடங்கும்." நான் பொறந்த வருஷம் ஒரு பட்டம் மொத்தமா பால் வடிஞ்சு போச்சாம், ராத்திரி சத்தம் குறையறது கேட்டுதான் எழுந்து போய்ப் பாத்தாங்களாம். அது எனக்குத் தெரியவே தெரியாது.

புளி தட்டறதுக்கு மட்டும் சிரிச்சாங்க. யார் யார் கைன்னு மூணு பேர் பேரு சொன்னாங்க.

மார்ச் 25, பஸ்ல

தூக்கம் வரல நேத்து. நான் பல்லிய மசாலா மாதிரி தூவியிருக்கேன். ஃபேட் அவுட் எல்லாரும் போடறது, நானும் போட்டேன். அக்காவுக்குப் போட்டா ரெண்டும் ஒண்ணும் பண்ணாது, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், பட்டுப்புழு வளர்க்காதவங்களா இருந்தா. அப்போ யாருக்காக மிக்ஸ் பண்றேன்னு இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்ல.

பரிசல், மயில், பஸ், மில் எல்லாத்தையும் தூக்கிட்டேன். ரயில் ஹாரன் இருக்கு, அது நிஜமாவே அங்க கேக்கும். பல்லி அவுட்.

(மைக் பத்தி மேல கேட்டவருக்கு: நல்ல மைக்கா இருந்தா அந்த "ஸ்ஸ்" குறைஞ்சிருக்கும், மறுக்கல. பல்லிய நல்ல மைக்லதான் இன்னும் தெளிவா எடுத்திருப்பேன்.)

ஏப்ரல் 1

ஒருத்தர் 32 பிட் ஃப்ளோட்ல எடுத்தா புளி அடி கிளிப் ஆகாதேன்னு (அந்தக் கூரைல முட்டித் தட்டையாகாதேன்னு) கேட்டிருந்தார். ஃபைல் கிளிப் ஆகாது, சரி. ஆனா மைக் தாங்காம அங்கயே உடைஞ்ச சத்தத்த ஃபைல் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க ஊர் திரௌபதி அம்மன் கூத்துக்கு கட்டற குழாய் ஸ்பீக்கர் மாதிரி, அது வாயத் திறக்கறப்பவே கரகரன்னுதான் வரும், நீங்க எவ்வளவு பவ்யமா எடுத்தாலும் கரகரதான்.

ஏப்ரல் 7, இரவு 11:30, வீட்டுல

இந்தப் பட்டத்துக்கு அசுரத் தீனி. இந்தத் தடவை லூப்பே வேணாம்னு போன அடுக்குக்குள்ள வெச்சுட்டு வெளிய வந்துட்டேன், நாப்பது நிமிஷம். இலை போட்டதும் முதல்ல சரசரப்பு, புழு இலைக்கு மேல ஏறி வர்ற வரைக்கும் ஒரு தயக்கம், அப்புறம் ஒரு மூலைல ஆரம்பிச்சு எல்லாப் பக்கமும் பிடிக்கிறது. மழைக்கு இந்தத் தயக்கம் கிடையாது. அக்காவுக்கு அனுப்பினேன், "இது மழை இல்லையே"ன்னு பதில் வந்தது, என்னன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியல, ஆனா எலின்னும் சொல்லல.

முடிவுக்கு என்ன பண்றதுன்னு ரொம்ப நேரம் தடுமாறினேன். ஃபேட் போட்டா நோய். டக்குனு வெட்டினா போன் சார்ஜ் தீர்ந்த மாதிரி. கடைசில அம்மா தீனி போட்டுட்டு வெளிய வர்றதையே எடுத்தேன். வலைக் கதவு படக்குனு சாத்தறது, அப்புறம் தகரக் கதவு, கொண்டி போடறது. கதவு சாத்தினதும் உள்ள இன்னும் திங்குதுன்னு தெரியணும்ல, அதனால புழு ட்ராக்குல 800 ஹெர்ட்ஸுக்கு மேல எல்லாத்தையும் வெட்டி, அளவக் குறைச்சு, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு நிமிஷம் ஓட விட்டேன். நான் சின்ன வயசுல படுத்துக் கேட்டது இதுதான்னு எனக்கு ஒரு பெருமை.

ஏப்ரல் 8, காலை

அம்மா கேட்டாங்க. பல்லி இல்லன்னு முதல்ல உறுதி பண்ணிக்கிட்டாங்க. கதவு சாத்தற வரைக்கும் ஒண்ணும் சொல்லல, தலைய ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. அதுக்கப்புறம், "தகரக் கதவு சாத்தினா வெளிய கேக்காது. வீட்டுக்குள்ள படுத்தாதான் கேக்கும், சுவர் வழியா. இது வாசல்ல நிக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்குது?"

போய் வாசல்ல நின்னு பாத்தேன். கேக்கல. சில்வண்டு மட்டும்தான்.

இப்போ கதவு சாத்தினதும் ஒண்ணரை செகண்டுல புழுவ எடுத்துட்டேன், சில்வண்டு, தூரத்துல ஒரு நாய், அப்புறம் அம்மா செருப்பு சத்தம் திண்ணை வரைக்கும். மொத்தம் 6 நிமிஷம் 40 செகண்ட். சுவர் வழியா கேக்கறத தனியா எடுக்கணும், இன்னைக்கு ராத்திரி போன சுவர்ல டேப் போட்டு ஒட்டிட்டுப் படுக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல, சுண்ணாம்பு பேரும்னு கத்துவாங்க.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் கூடு பிரிப்பு. சந்திரிகைல (புழு கூடு கட்டற தட்டு) இருந்து கூட்டப் பிய்க்கறப்ப ஒரு சத்தம் வரும், பசை விட்டு வர்ற மாதிரி. ட்யூப்லைட் விஷயத்த இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்.